தொக்கான் கொஸோ (1929): பாதிக்கும் குறைவாக எஞ்சிய ஒரு சிறுவர் நகைச்சுவை மௌனப்படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவின் பெயரைக் கேட்டவுடன் குடும்பம், முதுமை, பிரிவு ஆகியவற்றைப் பற்றிய அமைதியான படங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் படங்களை எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு, இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தபோது, கடத்த வந்தவனையே கதறவைக்கும் ஒரு பொடியனைப் பற்றி அவர் ஒரு சிறிய மௌனப்படம் எடுத்தார். அந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்தது. பிறகு அதன் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தது. அது எப்படித் தொலைந்தது, எப்படிக் கிடைத்தது, கிடைத்ததை எப்படிப் பார்ப்பது என்பன குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

"தொக்கான் கொஸோ" என்ற பெயருக்கு என்ன பொருள்?

"தொக்கான்" என்பது படைவீரர்கள் எதிரியை நோக்கி ஒரே மூச்சில் பாய்ந்து செல்வதைக் குறிக்கும் சொல். "கொஸோ" என்பது பொடியன், பயல், கடைப்பையன் என்றெல்லாம் சிறுவர்களைச் செல்லமாகவும் அதட்டலாகவும் அழைக்கும் சொல். இரண்டையும் சேர்த்தால், எதிரே இருப்பது யார் என்று பாராமல் முட்டிக்கொண்டு வரும் வாண்டு என்று பொருள்படும். ஆங்கிலத்தில் இந்தப் படத்துக்கு வழங்கும் பெயர் "நேர்மையான சிறுவன்" என்று பொருள்கொள்ளவும் இடம் தருவதால், மூலப் பெயரில் உள்ள வேகமும் குறும்பும் அதில் சற்று மங்கிவிடுகின்றன. ஆகவே இந்தப் பக்கத்தில் ஜப்பானியப் பெயரையே பயன்படுத்துகிறோம்.

படத்தின் கதை என்ன?

பிள்ளை பிடிப்பவர்கள் வெளியே கிளம்பக்கூடிய அளவுக்கு நல்ல வானிலை என்ற தொனியில் படம் தொடங்குகிறது. புன்கிச்சி என்ற ஆள், தெருவில் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருக்கும் தெத்சுபோ என்ற சிறுவனைக் கண்டு, முகத்தைக் கோணிக் காட்டிச் சிரிக்கவைத்து, மெல்ல அழைத்துச் செல்கிறான். ஆனால் வழியிலேயே நிலைமை தலைகீழாகிவிடுகிறது. சிறுவன் இனிப்பு ரொட்டி கேட்கிறான், பொம்மை கேட்கிறான், கேட்டது கிடைக்கவில்லையென்றால் நடக்க மறுக்கிறான். ஊரார் கவனித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் புன்கிச்சி ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தபடி செல்கிறான்.

ஒருவழியாகத் தன் தலைவன் கொன்தொராவின் வீட்டுக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகும் நிம்மதி இல்லை. சிறுவன் அந்தத் தலைவனின் வழுக்கைத் தலையைத் தன் விளையாட்டு அம்புக்கு இலக்காக்கிக்கொள்கிறான். பொறுக்க முடியாத தலைவன், இவனைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு என்று கட்டளையிடுகிறான். திரும்பி வந்த சிறுவனோ தன் கூட்டாளிகளிடம், இந்த மாமா கேட்டதையெல்லாம் வாங்கித் தருவார் என்று சொல்லிவிட, தெருப்பிள்ளைகள் அனைவரும் புன்கிச்சியைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பிள்ளை பிடிக்க வந்தவன் பிள்ளைகளுக்குப் பயந்து ஓடுவதோடு படம் முடிகிறது.

இந்தக் கதையை இதற்கு முன் எங்கோ படித்ததுபோல் இருக்கிறதே?

சரியாகச் சொல்கிறீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி 1907-இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற சிறுகதையே இதன் அடிப்படை. பணத்துக்காக ஒரு செல்வரின் மகனைக் கடத்தும் இருவர், அவனுடைய அட்டகாசத்தைத் தாங்க முடியாமல், கடைசியில் தங்கள் கைப்பணம் 250 டாலரைத் தந்தையிடம் கொடுத்து அவனை ஒப்படைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் கதையின் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் தோக்கியோவின் சாதாரணக் குடியிருப்புத் தெருக்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓ. ஹென்றியின் சிறுவன் ஊருக்கு வெளியே குகையில் காட்டுவாசி விளையாட்டு விளையாடுகிறான். தெத்சுபோவோ கடைத்தெருவில் ரொட்டிக்கும் பொம்மைக்கும் அடம் பிடிக்கிறான். கடத்தலின் பயங்கரம் விலகி, கடைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்ற எந்தப் பெரியவரும் பட்டிருக்கக்கூடிய பாடாக அது மாறிவிடுவதுதான் படத்தின் அழகு என்று நாங்கள் கருதுகிறோம்.

படத்தின் எழுத்துப் பகுதியில் கதையாசிரியர் பெயர் "சூஜி நோஸு" என்று காணப்படும். அப்படி ஒருவர் இருந்ததில்லை. கோகோ நோதாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, ஓஸுவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, ததாவோ இகேதா, ததமோத்தோ ஓகுபோ ஆகிய இருவர் பெயரிலும் பொதுவாக உள்ள ஓர் எழுத்து, அந்த எழுத்துக்கு உரியவர்கள் இருவர் என்பதைக் குறிக்கும் "இரண்டு" என்ற எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து நண்பர்கள் நால்வர் புனைந்த பெயர் அது. திரைக்கதையை எழுதியவர் இகேதா. ஓகுபோ, ஓஸு உதவி இயக்குநராக இருந்தபோது அவருக்கு ஆசானாக இருந்தவர். நோதா, பின்னாளில் ஓஸுவின் மிகச் சிறந்த படங்களுக்கு அவருடன் அமர்ந்து திரைக்கதை எழுதியவர்.

படம் மூன்றே நாட்களில் எடுக்கப்பட்டது என்பது உண்மையா?

ஆம், ஓஸு அப்படித்தான் நினைவுகூர்ந்திருக்கிறார். ஷோச்சிகு நிறுவனத்தின் கமாத்தா ஸ்டுடியோவில் அது வியப்புக்குரிய செய்தியும் அன்று. 1920-இல் தோக்கியோவின் தெற்குப் பகுதியில் தொடங்கப்பட்ட அந்த ஸ்டுடியோ, ஷிரோ கிதோவின் தலைமையில், அன்றாட மனிதர்களைப் பற்றிய சிரிப்பும் சிறு வருத்தமும் கலந்த படங்களை வாரந்தோறும் திரையரங்குகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முதன்மைப் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்குக் குறும்படங்களும் தேவைப்பட்டன. 1929-ஆம் ஆண்டில் மட்டும் ஓஸு ஆறு படங்களை இயக்கினார், அவற்றுள் கடைசியாக நவம்பர் 24 அன்று வெளியானது இது.

விரைவாக எடுக்கப்பட்டது என்பதற்காகக் கவனக்குறைவாக எடுக்கப்பட்டது என்று கொள்ளக்கூடாது. எஞ்சியிருக்கும் பகுதியிலேயே, சிறுவனின் முகம் சிணுங்கலுக்கு மாறும் கணத்தை எதிர்பார்த்துப் பெரியவனின் முகம் வெளிறும் காட்சிகளில், யார் எப்போது யாரைப் பார்க்கிறார்கள் என்பது துல்லியமாக அளந்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

சிறுவனாக நடித்தவர் யார்? பிற நடிகர்கள் யாவர்?

தெத்சுபோவாக நடித்தவர் தொமியோ அவோகி. 1923-இல் பிறந்த அவருக்குப் படம் வெளியானபோது ஆறு வயது. உருண்டை முகம், பிடிவாதமாகப் பிதுங்கிய உதடு, சட்டென்று விரியும் சிரிப்பு ஆகியவற்றைக் கொண்ட அந்த முகத்தைப் பார்வையாளர்கள் மறக்கவில்லை. படத்தின் பெயரே அவருடைய திரைப்பெயராக ஆகிவிட்டது. அதன் பிறகு பல படங்களின் எழுத்து அட்டைகளில் அவர் "தொக்கான் கொஸோ" என்றே குறிக்கப்பட்டார். ஒரு கதாபாத்திரத்தின் பெயர்கூட அல்லாமல் ஒரு படத்தின் தலைப்பே ஒரு குழந்தைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டதைக் கொண்டு, அந்தச் சிறிய படம் மக்களிடம் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதை உணரலாம். படம் காணாமல் போயிருந்த காலத்திலும் அதன் பெயர் மட்டும் அந்த நடிகரின் மீது உயிரோடு இருந்தது.

ஓஸு 1932-இல் இயக்கிய "பிறந்தேன், ஆனால்..." என்ற படத்தில் இளைய மகனாகவும், 1933, 1935-ஆம் ஆண்டுகளில் வந்த படங்களில் தகேஷி சகமோத்தோவின் மகனாகவும் அவோகி நடித்தார். வளர்ந்த பிறகும் துணை நடிகராகத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டிலும் ஒரு படத்தில் முதிய போர்வீரர்களுள் ஒருவராகத் தோன்றினார். 2004-இல் காலமானார்.

புன்கிச்சியாக நடித்தவர் தத்சுவோ சைதோ. நெடிய, மெலிந்த உடலை நகைச்சுவைக்குப் பயன்படுத்தத் தெரிந்த நடிகர். தலைவன் கொன்தொராவாக வருபவர், மேலே குறிப்பிட்ட சகமோத்தோ. இந்த மூவரும் ஓஸுவின் மௌனப்படங்களில் மீண்டும் மீண்டும் வருவார்கள்.

இது குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட படமா, குழந்தைகளைப் பற்றிய படமா?

திரையரங்கில் வெளியானபோது இது எல்லா வயதினருக்குமான நகைச்சுவைப் படம். குழந்தைகளுக்கென்று தனியாக விளம்பரப்படுத்தும் வழக்கம் அன்று பெரிதாக இல்லை. ஆனால் வீடுகளில் காட்டுவதற்கான சுருக்கப் பிரதியாக விற்கப்பட்டபோது, அதை விரும்பிக் கேட்டவர்கள் குழந்தைகளாகவே இருந்திருப்பார்கள் என்று கருதுவதில் தவறில்லை. பெரியவர்களின் உலகத்தின் விதிகளைச் சிறுவன் உடைக்கிறான், அதற்குத் தண்டனையும் கிடைப்பதில்லை. அந்த விடுதலை குழந்தைகளுக்கு உரியது. பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டவனின் திண்டாட்டம் பெரியவர்களுக்கு உரியது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த "பிறந்தேன், ஆனால்..." படத்துக்கு ஓஸு "பெரியவர்கள் பார்க்கும் படக்கதைப் புத்தகம்" என்ற துணைத்தலைப்பை வைத்தார். அலுவலக மேலதிகாரியின் முன் கோமாளித்தனம் செய்யும் தந்தையைக் கண்டு இரு மகன்கள் உண்ணாமல் அடம் பிடிக்கும் படம் அது. 1959-இல் அதே கருவைத் தளர்வாக எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டி கேட்டுப் பேச மறுக்கும் இரு சிறுவர்களைப் பற்றி "காலை வணக்கம்" என்ற வண்ணப்படத்தை அவர் இயக்கினார். குழந்தையின் பிடிவாதம் பெரியவர்களின் உலகத்தை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் என்ற எண்ணம், முப்பது ஆண்டுகள் அவரோடு வந்திருக்கிறது. அதன் தொடக்கங்களுள் ஒன்று தெத்சுபோ ரொட்டிக்காகத் தெருவில் நின்றுகொண்ட இடம்.

முழுப் படம் ஏன் இன்று இல்லை?

இதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஜப்பானிய மௌனப்படங்களின் அழிவைப் பற்றிப் பேசும்போது 1923-ஆம் ஆண்டின் கான்தோ நிலநடுக்கமும் தீயும் முதலில் குறிப்பிடப்படுவது வழக்கம். ஆனால் இந்தப் படம் அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டது. ஆகவே அந்தக் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானிய நகரங்கள் மீது நடந்த குண்டுவீச்சு பல படங்களை எரித்தது. அதற்கும் முன்பே, வணிகத்தின் இயல்பே பெரும்பாலானவற்றை அழித்துவிட்டிருந்தது.

அன்று ஒரு படத்துக்குச் சில பிரதிகளே எடுக்கப்பட்டன. அவை பெருநகரத்தின் முதல்தர அரங்கிலிருந்து சிறு நகரங்களுக்கும், அங்கிருந்து கிராமங்களுக்கும் சென்று, கிழிந்து ஒட்டப்பட்டு, மீண்டும் கிழிந்து, ஓட்ட முடியாத நிலையில் முடிந்தன. 1930-களின் நடுவில் பேசும்படம் வந்து நிலைத்த பிறகு, பழைய மௌனப்படத்தைப் பணம் கொடுத்துப் பார்க்க வருவோர் குறைந்தனர். சுருளில் உள்ள வெள்ளியை மீட்டெடுத்து விற்றால் கிடைக்கும் தொகை, அந்தப் படத்தை வைத்திருப்பதால் கிடைக்கும் தொகையைவிட அதிகமாகிவிட்டது. குறும்பட நகைச்சுவைகள் இதில் முதலில் பலியாயின. பெரிய நட்சத்திரங்கள் நடித்த முழுநீளப் படத்தைச் சேமிக்க யாராவது ஒருவர் முன்வரக்கூடும். மூன்று நாட்களில் எடுத்த ஒரு பொடியனின் குறும்பைச் சேமிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிரிக்கவைப்பதற்காக மட்டும் எடுக்கப்பட்டவற்றை இலேசானவை என்று ஒதுக்கிய அந்த மனப்போக்கு, நெருப்புக்கு நிகரான இழப்பை உண்டாக்கியிருக்கிறது.

இவற்றோடு, படம் பதிவான பொருளே நிலையற்றது. அக்காலத்துத் திரையரங்குச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றும். தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், பற்றிய பிறகு காற்றைத் தடுத்தாலும் அணையாது. தீப்பற்றாமல் இருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, ஒட்டிக் கட்டியாகி, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். உலகெங்கும் இது கைவிடப்பட்டது 1950-களில்தான்.

எஞ்சிய பகுதி எப்படிக் கிடைத்தது?

1988-இல், "பத்தே பேபி" எனப்படும் 9.5 மில்லிமீட்டர் வீட்டுச் சுருள் வடிவில் ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டது. அது திரையரங்குப் பிரதி அன்று. வசதியுள்ள குடும்பங்கள் வாங்கி வீட்டில் ஓட்டிப் பார்ப்பதற்காகச் சுருக்கப்பட்டு விற்கப்பட்ட பதிப்பு. அதன் ஓட்டம் சுமார் 14 நிமிடங்கள். பின்னாளில், 2010-களில், அதே அளவிலான மற்றொரு வீட்டுப் பதிப்பும் வெளிவந்தது. கியோட்டோவில் உள்ள "டாய் பிலிம்" அருங்காட்சியகத்தின் வழியாக வெளிச்சத்துக்கு வந்த அந்தப் பிரதியில், முன்னதில் இல்லாத சில நிமிடங்கள் கூடுதலாக இருந்தன.

இரண்டு பிரதிகளுமே ஸ்டுடியோவின் கிடங்கிலிருந்து வந்தவை அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். படத்தை உருவாக்கிய தொழில் அதைக் காப்பாற்றவில்லை. வீட்டில் மாலைப்பொழுதில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வாங்கிய பெட்டிதான் காப்பாற்றியது.

9.5 மில்லிமீட்டர் பிலிம் என்பது என்ன? அது ஏன் பிழைத்தது?

பிரான்சின் பத்தே நிறுவனம் 1922-இல் வீட்டுப் பயன்பாட்டுக்காக இந்த அளவை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளிலேயே ஜப்பானுக்கும் வந்து, வீட்டில் படம் பார்ப்போரிடமும் தாமே படமெடுக்கும் ஆர்வலர்களிடமும் பரவியது. வீட்டுக்குள் நைட்ரேட்டைக் கொண்டுவர முடியாது என்பதால் இது தொடக்கம் முதலே தீப்பற்றாத அசிடேட் அடித்தளத்தில் செய்யப்பட்டது. திரையரங்குப் பிரதிகள் எரிந்தும் சிதைந்தும் போனபோது இது பிழைத்ததற்கு முதல் காரணம் அதுவே.

இதன் அமைப்பு மிகுந்த புத்திசாலித்தனமானது. திரையரங்குச் சுருளில் இரு ஓரங்களிலும் துளைகள் வரிசையாக இருக்கும். 9.5-இல் ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே, நடுவில், ஒரே ஒரு துளை. ஓரங்கள் வீணாகாததால், சுருளின் அகலம் ஏறக்குறைய முழுவதும் படத்துக்கே கிடைத்தது. இருந்தாலும் பிரேமின் அளவு சுமார் 8.5-க்கு 6.5 மில்லிமீட்டர்தான். திரையரங்குப் பிரேமின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

மற்றொரு நுட்பம் எழுத்து அட்டைகளைப் பற்றியது. மௌனப்படத்தில் உரையாடலைக் காட்டும் எழுத்துகள் பல வினாடிகள் திரையில் நிற்க வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான பிரேம்கள் செலவாகும். பத்தே பேபியில் அந்த எழுத்தை ஓரிரு பிரேம்களில் மட்டும் அச்சிட்டு, சுருளின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டு வந்ததும் புரொஜெக்டர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே படத்தைச் சில வினாடிகள் நிறுத்திவைக்கும். பிலிம் மிச்சமானது. இதன் விளைவாக, இன்று ஒருவர் அந்தச் சுருளை அப்படியே ஸ்கேன் செய்தால் எழுத்துகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்துவிடும். அவற்றை உரிய நேரத்துக்கு நீட்டித்துச் சேர்ப்பது மீட்டெடுப்போரின் பொறுப்பாகிறது.

இத்தகைய சிறு சுருளை எப்படி மீட்டெடுக்கிறார்கள்?

முதல் வேலை, சுருளை அளப்பது. அசிடேட் காலப்போக்கில் சுருங்கும். ஒரு விழுக்காட்டளவு சுருங்கினாலும் துளைகள் இயந்திரத்தின் பற்களோடு பொருந்தா. பழைய புரொஜெக்டரில் மாட்டினால் கிழிந்துவிடும். ஆகவே பற்களால் இழுக்காமல் உருளைகளால் மெல்ல நகர்த்தும் ஸ்கேனர்களையோ, பிரேம் பிரேமாக நகர்த்திப் படியெடுக்கும் அச்சுக் கருவிகளையோ பயன்படுத்துகிறார்கள். 9.5-இன் துளை நடுவில் இருப்பதால் அதன் தழும்பும் நடுவிலேயே விழும். புரொஜெக்டரின் நகம் துளையைத் தவறவிட்டபோதெல்லாம் பட்ட கீறல், நடிகரின் முகத்தின் குறுக்கே ஓடும். மேலோட்டமான கீறல்களைப் போக்க, பிலிமுக்கு நிகரான ஒளிவிலகல் கொண்ட திரவத்தில் சுருளை நனைத்தபடி படியெடுக்கும் முறை உண்டு. திரவம் கீறலின் பள்ளத்தை நிரப்புவதால் ஒளி சிதறாமல் செல்கிறது, கீறல் படியில் தெரிவதில்லை. படலமே உரிந்துபோன ஆழமான சேதத்துக்கு இது உதவாது.

அதற்குமேல் கணினியில் எவ்வளவு துடைப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று, அறக்கேள்வியும்கூட. எட்டில் ஒரு பங்குப் பரப்பில் அச்சான படத்தைத் திரையரங்குப் படம்போல் கூர்மையாக்க முயன்றால், இல்லாத விவரத்தைக் கணினி கற்பனை செய்யத் தொடங்கும். சிறுவனின் கன்னம் பொம்மையின் கன்னம்போல் வழவழப்பாகிவிடும். வீட்டுச் சுருளுக்கே உரிய மங்கலும் மணல்போன்ற புள்ளிகளும் அதன் வரலாற்றின் பகுதி. அவற்றை ஓரளவு விட்டுவைப்பதே நேர்மை என்பது எங்கள் உறுதியான கருத்து.

படத்தின் ஓட்டம் 38 நிமிடங்கள் என்று சில இடங்களிலும் 14 நிமிடங்கள் என்று சில இடங்களிலும் காணப்படுகிறதே, எது சரி?

இரண்டும் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன. 1929-இல் வெளியான திரையரங்குப் பதிப்பின் நீளம் 1,031 மீட்டர். 14 நிமிடங்கள் என்பது 1988-இல் கிடைத்த வீட்டுப் பதிப்பின் ஓட்டம்.

38 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அது 1,031 மீட்டர் பிலிமை வினாடிக்கு 24 பிரேம் என்ற பேசும்பட வேகத்தில் ஓட்டினால் வரும் கணக்கு. ஆனால் மௌனப்படங்கள் அந்த வேகத்தில் கட்டாயமாக ஓட்டப்பட்டவை அல்ல. வினாடிக்கு 18 பிரேம் என்று கொண்டால், அதே நீளம் சுமார் 50 நிமிடங்கள் ஓடும். ஆகவே, இழந்தது 24 நிமிடங்கள் என்று 38-இலிருந்து 14-ஐக் கழித்துச் சொல்வது சரியன்று. இரு எண்களும் ஒரே வேகத்தில் அளக்கப்பட்டவை என்ற உறுதி இருந்தால்தான் அந்தக் கழித்தல் செல்லும். எவ்வேகத்தில் அளந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட பகுதி நம்மிடம் இல்லை.

சுருக்கப்பட்ட பிரதியை "அந்தப் படம்" என்று கருதலாமா?

கருதலாம், ஆனால் எதைக் காண்கிறோம் என்பதை அறிந்து கருத வேண்டும். வீட்டுப் பதிப்பைத் தயாரித்தவர்கள் கதை புரிவதற்குத் தேவையானவற்றையும் அதிகம் சிரிக்கவைப்பவற்றையும் வைத்துக்கொண்டு, நிதானமாக நகரும் இடங்களை நீக்கியிருப்பது இயல்பு. ஓஸுவைப் போன்ற ஓர் இயக்குநருக்கு அந்த நிதானம் முக்கியமானது. ஆகவே இப்போதுள்ள வேகத்தைக் கொண்டு, இளம் ஓஸு அமெரிக்க நகைச்சுவைப் படங்களைப்போல் பரபரப்பாக எடுத்தார் என்று முடிவு கட்டுவது பிழையாகும். அந்தப் பரபரப்பில் ஒரு பங்கு கத்தரிக்கோலுடையது.

அதே வேளையில், சுருக்கப் பதிப்பை வெறும் குறைபாடாகப் பார்ப்பதும் பொருந்தாது. 1930-களின் ஜப்பானிய வீடுகளில் சினிமா எவ்வாறு நுழைந்தது, எந்தக் காட்சிகளுக்காகக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார்கள் என்பதற்கான சான்றும் அதுவே. இரண்டு வீட்டுப் பதிப்புகளையும் தனித்தனியே காக்க வேண்டும், இரண்டையும் வெட்டி ஒட்டி மூன்றாவதாக ஒன்றை உருவாக்கி அதையே மூலம் என்று காட்டக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஓஸுவின் அந்த ஆண்டுப் படங்களில் வேறு எவை எஞ்சியுள்ளன?

1929-இல் அவர் இயக்கிய ஆறு படங்களில் "இளமை நாட்கள்" ஒன்றே முழுநீளத்தில் கிடைக்கிறது. நமக்குக் கிடைக்கும் ஓஸுவின் படங்களில் மிகப் பழையதும் அதுவே. "பட்டம் பெற்றேன், ஆனால்..." படத்தில் சுமார் பத்து நிமிடங்கள் எஞ்சியுள்ளன. நண்பர்களின் சண்டையைப் பற்றிய மற்றொரு நகைச்சுவை, தொக்கான் கொஸோவைப் போலவே, 9.5 மில்லிமீட்டர் சுருக்கப் பிரதியாக 1997-இல் கிடைத்தது. அதன் ஓட்டமும் சுமார் 14 நிமிடங்களே. மற்ற இரண்டு படங்கள் முற்றிலும் இழக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் ஒன்றான அலுவலக ஊழியரின் வாழ்க்கையைப் பற்றிய படத்தில் அவோகியும் நடித்திருந்தார்.

மௌனப்படம் என்பதால் அன்று திரையரங்கில் ஒலியே இருக்காதா?

ஜப்பானில் அப்படி இல்லை. "பென்ஷி" எனப்படும் கதைசொல்லி, திரையின் ஓரத்தில் நின்று, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசி, இடையிடையே விளக்கமும் சொல்வார். இசைக்குழுவும் உடன் இருக்கும். சிறந்த பென்ஷிகளின் பெயரைப் பார்த்தே மக்கள் அரங்குக்கு வந்தார்கள். ஜப்பானில் பேசும்படம் தாமதமாக நிலைபெற்றதற்கு அவர்களுடைய செல்வாக்கும் ஒரு காரணம். ஓஸுவின் முதல் முழுநீளப் பேசும்படம் 1936-இல்தான் வந்தது. அக்கலை இன்றும் தொடர்கிறது. பென்ஷியும் பழைய படச் சேகரிப்பாளருமான ஷுன்சுய் மத்சுதாவின் வழிவந்த மிதோரி சவாதோ போன்றோர், மீட்டெடுக்கப்பட்ட படங்களுக்கு மேடையில் குரல் கொடுத்து வருகிறார்கள்.

இப்போது இதை எங்கே காணலாம்?

தோக்கியோவில் உள்ள ஜப்பான் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஓஸு தொடர்பான விழாக்களில் இதைத் திரையிடுகிறது. 2018 வரை தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட மையமாக இயங்கிய நிறுவனம் அது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2017-இல் "காலை வணக்கம்" படத்துக்கு வெளியிட்ட புளூரேயில், "பிறந்தேன், ஆனால்..." படத்தோடு, எஞ்சியுள்ள தொக்கான் கொஸோவும் சேர்க்கப்பட்டுள்ளது. மூன்றையும் ஒரே வரிசையில் பார்க்கும் வாய்ப்பு அதில் கிடைப்பதால், முதலில் அதையே பரிந்துரைக்கிறோம்.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய படச்சுருள்கள் உள்ளன. என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, அவற்றைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஆர்வத்தில் ஒருமுறை ஓட்டியதில் கிழிந்த சுருள்கள் ஏராளம். பெட்டியைத் திறந்ததும் புளிக்காடி நெடி வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், ஏனெனில் அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். 35 மில்லிமீட்டர் சுருளாகவும், 1950-களுக்கு முற்பட்டதாகவும், பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும். அதை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக்கூடாது, இறுக மூடிய பெட்டியிலும் அடைக்கக்கூடாது, சோதிப்பதற்காக ஒரு துண்டை எரித்துப் பார்க்கவும் கூடாது.

பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் எதையும் அழிக்காமல் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில் ஓட்டினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், 1964-இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அணுகலாம். சுருளில் இருப்பது வெறும் சிறுவர் வேடிக்கைதான் என்று தோன்றினாலும் தூக்கி எறிய வேண்டாம். ஒப்படைக்கும்போது, ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் இருந்தால் நன்றாக இருப்பதை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கழித்துவிடாமல், இரண்டையும் கொடுங்கள்.